பிக்கப் வாங்கும்போது: சின்ன எஞ்சின் போதுமா, பெரியது வேண்டுமா?

மாருதி சூப்பர் கேரி, டாடா இன்ட்ரா வி50, மகிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் 2 டன் வகை. இந்த மூன்றின் விவரத் தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் எஞ்சின் திறன் ஏறத்தாழ 80 குதிரைத்திறன்தான். ஆனால் முதல் வண்டி ஏற்றுவது 740 கிலோ, இரண்டாவது ஒன்றரை டன், மூன்றாவது இரண்டு டன். முதலாவதில் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டாவதில் 1.5 லிட்டர் டீசல், மூன்றாவதில் 2.5 லிட்டர் டீசல். ஷோரூமில் நிற்கும் விற்பனையாளர் முதலில் குதிரைத்திறனைத்தான் சொல்வார். லோடு வண்டி வாங்க வந்தவருக்கு அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது.

சொல்லக்கூடியது அடுத்த வரியில் இருக்கிறது: டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை. சூப்பர் கேரியில் அது 104 நியூட்டன் மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றும்போதுதான் அது முழுதாகக் கிடைக்கும். மற்ற இரண்டிலும் 220. அதுவும் குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடும். இன்னும் கீழே போவோம். இன்ட்ரா வி10 இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி, 800 சி.சி.க்கும் குறைவு, 45 குதிரைத்திறன்தான். ஆனால் இழுவிசை 110 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் சூப்பர் கேரியில் பாதியை ஒட்டி நிற்கும் இந்த வண்டி, அதைவிட அதிகமாக, ஒரு டன் ஏற்றுகிறது.

குதிரைத்திறன் முக்கியமாகப் பயன்படுவது அதிக வேகத்தை எட்டவும், அதைத் தக்கவைக்கவும். சரக்கு வண்டியில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2015 அக்டோபர் முதல் தயாராகும் போக்குவரத்து வாகனங்களில் மணிக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். ஆகவே புறவழிச்சாலையில் பறப்பதற்காகப் பெரிய எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை. கேள்வி ஒன்றுதான்: உங்கள் லோடை, உங்கள் சாலையில், எஞ்சினை வதைக்காமல் இழுக்குமா?

இதற்கு விடை தேடும்போது பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சின் திறனை முழு லோடோடு சேர்ந்த மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். இன்ட்ரா வி10 முழு லோடில் ஏறத்தாழ 2.1 டன், 45 குதிரைத்திறனை வகுத்தால் டன்னுக்கு 21. பொலேரோ பிக்கப்பின் 1.7 டன் வகை முழு லோடில் ஏறத்தாழ மூன்றரை டன். 75 குதிரைத்திறனை வகுத்தால் அங்கேயும் 21. குட்டியானை என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸின் பெட்ரோல் வகை 30 குதிரைத்திறன், மொத்த எடை ஒன்றரை டன், டன்னுக்கு 20. தயாரிப்பாளர்கள் எஞ்சினையும் ஏற்றும் எடையையும் ஒன்றுக்கொன்று அளந்துதான் வைத்திருக்கிறார்கள். முழு லோடு ஏற்றிவிட்டால் பெரிய எஞ்சின் வண்டியும் சின்ன எஞ்சின் வண்டியும் ஏறக்குறைய ஒரே சிரமத்தோடுதான் ஓடுகின்றன.

வேறுபாடு இரண்டு இடங்களில் தெரியும். பெரிய வண்டியான பொலேரோவில் ஒரு டன் மட்டும் ஏற்றினால் அதற்கு டன்னுக்கு 27 குதிரைத்திறன் கிடைக்கிறது, நிம்மதியாகப் போகும். சின்ன வண்டியான இன்ட்ரா வி10இல் ஒன்றரை டன் ஏற்றினால் அது 17 ஆகிறது. முக்கி முனகிப் போகும். நம் ஊர்களில் சின்ன எஞ்சின்கள் கெட்ட பெயர் வாங்கியதற்குக் காரணம் இந்த இரண்டாவது நிலைதான். ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் தக்காளிப் பெட்டியை அடுக்கிவிட்டு, எஞ்சின் சரியில்லை என்று சொல்வது அந்த எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம்.

பணக் கணக்கு

சமவெளியில் ஓடும் வண்டிக்கு முடிவைத் தீர்மானிப்பது டீசலும் மாதத் தவணையும்தான். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர், 1.7 டன் வண்டி 13 கிலோமீட்டர் தருவதாகவும், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும், மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டம் என்றும் கொள்வோம். சின்ன வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 11 காசு, பெரிய வண்டிக்கு 7 ரூபாய் 8 காசு. மாத டீசல் செலவில் வித்தியாசம் ஏறத்தாழ 4,900 ரூபாய். வண்டி விலையில் இரண்டரை லட்சம் வித்தியாசம் இருந்து, அதை 11 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணையில் கூடுவது ஏறத்தாழ 6,500. இரண்டும் சேர்ந்து 11,400 ரூபாய். டயர், சர்வீஸ் ஆகியவற்றின் வித்தியாசம் தனி.

இந்தப் பதினோராயிரத்தைப் பெரிய வண்டி எப்படித் திருப்பித் தரும்? ஒரே வழி, சின்ன வண்டி இரண்டு நடை போகும் இடத்தில் அது ஒரு நடையில் முடிப்பது. போகவர 100 கிலோமீட்டர் நடை என்றால் சின்ன வண்டிக்கு டீசல் 511 ரூபாய். அதோடு ஓட்டுநருக்கும் ஏற்றி இறக்கும் ஆளுக்கும் கொடுப்பதையும் சேர்த்து ஒரு நடைக்கு மொத்தம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், மாதத்தில் பதினொன்று பன்னிரண்டு நடையாவது மிச்சமாக வேண்டும். அதாவது வாரத்துக்கு மூன்று நாளாவது உங்கள் லோடு ஒரு டன்னைத் தாண்ட வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் லோடு கூடுகிறது என்றால், அந்த நாட்களில் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது எவ்வளவோ மலிவு.

டன் கணக்கில் பார்த்தால் படம் தலைகீழாகும். 1.7 டன்னும் நிரம்பி ஓடும் பெரிய வண்டி, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 4 ரூபாய் 16 காசு டீசல்தான் குடிக்கிறது. சின்ன வண்டிக்கு அதே வேலைக்கு 5 ரூபாய் 11 காசு. செங்கல், சிமென்ட், ஹாலோ பிளாக், கோழித்தீவனம் என்று எடையான சரக்கை நாள்தோறும் நிரப்பி ஓட்டுபவர்களுக்குப் பெரிய எஞ்சின்தான் சிக்கனம். கடை கடையாக பிஸ்கட், நாப்கின், சோப்பு இறக்குபவர்களுக்கும், கூரியர் பெட்டிகளை ஏற்றுபவர்களுக்கும் வண்டியின் தொட்டி நிறையுமே தவிர எடை நிறையாது. அவர்களுக்குத் தேவை நீளமான தொட்டி. எஞ்சினுக்காக அவர்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

சமவெளியில் ஒரு டன்னுக்குள் ஓடும் தொழிலுக்குச் சின்ன எஞ்சினே சரி என்று தயங்காமல் சொல்வேன். மதுரை மாசி வீதிகளிலோ சென்னை சௌகார்பேட்டையிலோ சரக்கு இறக்குபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. டாடா ஏஸின் திருப்பு ஆரம் 4.3 மீட்டர்தான். எதிரே தள்ளுவண்டி நிற்கும் சந்தில் ஒரே ஒடிப்பில் திரும்பிவரும் வண்டியின் அருமை, ஒரு நாளில் இருபது கடைக்குப் போகும் ஓட்டுநருக்குத் தெரியும்.

மலை ஏறினால்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ ஏறும் வண்டிக்கு இந்தக் கணக்குகள் எல்லாம் மாறும். இங்கே என் தீர்ப்பும் மாறுகிறது.

முதலில் ஏற்றம். எட்டு சதவீதச் சரிவில் 2.1 டன் வண்டியை மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற்றச் சக்கரத்தில் 21 குதிரைத்திறன் வேண்டும். 45 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது முடியும். தாளில் பார்த்தால் சின்ன எஞ்சினே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் மலைப்பாதை ஒரே சீரான சரிவு கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வேகம் மணிக்குப் பத்துக்கு இறங்கும். எதிரே பஸ் வந்தால் முழுதாக நின்று, மறுபடி முதல் கியரில் எடுக்க வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறினால் இப்படி 27 வளைவுகள், கொல்லிமலையில் 70. ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து லோடைக் கிளப்பும்போது வேலை செய்வது குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவிசை. அது போதாத எஞ்சினில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்சைப் பாதியில் பிடித்து, வழுக்கவிட்டுத்தான் எடுப்பார். தேய்வது கிளட்ச் தட்டு.

அடுத்து உயரம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்தான். உதகமண்டலம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். 30 குதிரைத்திறன் என்று வாங்கிய வண்டியில் மேலே போனதும் 24 தான் மிஞ்சும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள டீசல் எஞ்சின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். எனவே மலைக்கு என்றால், அளவு எதுவாக இருந்தாலும், டர்போ டீசலைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இறக்கம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்குக் கீழே வருகின்றன. மேலே போகும்போது பல வண்டிகள் காலியாகவோ பாதி லோடோடோ போகும். முழு லோடு ஏறுவது இறங்கும் பயணத்தில். நீலகிரி மலைப்பாதைகளில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி வைத்திருக்கும் பலகைகள் இதற்காகத்தான்: பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும்; எஞ்சின் கியரில் வண்டியைப் பிடித்து வைக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் வலிமை எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 2.5 லிட்டர் எஞ்சின் கியரில் பிடித்து நிறுத்தும் எடையை 0.8 லிட்டர் எஞ்சினால் அப்படிப் பிடிக்க முடியாது. மலை விவசாயி ஒருவர் லோடு ஒரு டன்தானே என்று சொன்னாலும், தொடர்ந்து மலை இறங்குபவராக இருந்தால், அவருக்கு நான் பெரிய எஞ்சினைத்தான் சொல்வேன். அந்த ஒரு டன்னைப் பெரிய வண்டியில் ஏற்றினால் பிரேக்குக்கும் மிச்சத் திறன் இருக்கும். டீசல் செலவு கூடும். கூடட்டும்.

ஒரே திறன், வேறு அளவு

தொடக்கத்தில் சொன்ன இன்ட்ரா வி50, பொலேரோ மேக்ஸ் இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டிலும் 80 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர். ஒன்று 1.5 லிட்டரில் இதை எடுக்கிறது, மற்றது 2.5 லிட்டரில். எண்கள் ஒன்றாக இருக்கும்போது பெரிய எஞ்சின் எதற்கு?

சிறிய எஞ்சின் இந்தத் திறனைப் பெருமளவு டர்போவின் உதவியால் எடுக்கிறது. டர்போ முழுதாக வேலை செய்யத் தொடங்கும் சுற்றுக்குக் கீழே, கியரை மாற்றி வண்டியை எடுக்கும் அந்த முதல் சில விநாடிகளில், அதன் உண்மையான கொள்ளளவுதான் வெளியே தெரியும். விவரத் தாளில் அச்சாகும் உச்ச எண் இந்த இடத்தைக் காட்டுவதில்லை. 2.5 லிட்டர் எஞ்சின் அங்கேயும் இழுக்கும். ஓட்டுநர் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கொள்ளளவிலிருந்து பிழிந்தெடுக்கும் திறன் குறைவாக இருப்பதால், தவறாக ஓட்டினாலும், ஆயில் மாற்றச் சற்றுத் தாமதித்தாலும் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மகிந்திராவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின்கள் நம் கிராமத்து மெக்கானிக்குகளுக்கு நெடுநாள் பழக்கம். பெரிய நகரம் தொலைவில் இருக்கும் ஊர்க்காரருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

சிறிய எஞ்சினின் பக்கம் இருப்பது மைலேஜ். சமவெளியில், நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியில் அது நன்றாகவே தெரியும். தரமான ஆயிலை உரிய நேரத்தில் மாற்றி, நீண்ட ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தும் ஒழுங்கு உள்ளவருக்கு 1.5 லிட்டர் எஞ்சின் நன்றாக உழைக்கும். சொந்தமாக ஓட்டுபவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மாதத்துக்கு ஓர் ஓட்டுநர் மாறும் நிறுவனம் என்றால் நான் 2.5 லிட்டரின் பக்கம் நிற்பேன்.

இடையில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66(3) பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை. பொலேரோ 1.7 டன் வகை இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஒன்றரை டன் ஏற்றும் வி50 கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. எஞ்சின் அளவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மூன்று டன் கோட்டை மறந்துவிடுகிறார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ மாநில எல்லை தாண்டிக் காய்கறி அனுப்புபவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டில் இப்படி ஒரு வேறுபாடு இல்லை. 7,500 கிலோ வரை எல்லாச் சரக்கு வண்டிகளும் ஒரே அடுக்கில்தான் வருகின்றன. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றின் காலமும் இரண்டுக்கும் ஒன்றுதான்: முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நின்று, ஓடி நிற்கும் வேலைக்கு டீசலையே தவிர்க்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். இங்கே பெட்ரோல் ஏஸோ சூப்பர் கேரியோ பொருத்தம். சி.என்.ஜி. எடுத்தால் செலவு குறையும், கூடவே ஏற்றும் எடையும் குறையும்: சூப்பர் கேரியில் 740 கிலோ, சி.என்.ஜி. வகையில் 625. சிலிண்டரின் எடை சரக்கின் பங்கிலிருந்துதான் கழிகிறது. மின்சார ஏஸ் நின்ற இடத்திலிருந்தே 130 நியூட்டன் மீட்டர் தரும். அந்த அளவு வண்டியில் அது பெரிய இழுவை. ஆனால் 2022இல் அறிமுகமான வகை ஏற்றுவது 600 கிலோதான். ஒரே ஊருக்குள், இரவில் சார்ஜ் ஏற்ற இடம் உள்ளவருக்கு மட்டும் அதைச் சொல்லலாம்.

சின்ன எஞ்சினை வாங்கி அதிக லோடு ஏற்றிச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் வைப்பார்கள். நாம் மேலே கணக்கிட்ட இரண்டு மாத வித்தியாசம் ஒரே சோதனைச் சாவடியில் போய்விடும். அபராதத்தைவிடப் பெரியது சாலையில் வரும் ஆபத்து. பிரேக்கும் அச்சும் ஸ்பிரிங்கும் ஒரு டன்னுக்கு அளந்து செய்தவை. எஞ்சின் எப்படியோ இழுத்துவிடுகிறது என்பதற்காக அவை தாங்கிவிடா. அந்த வண்டிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிளில் போகிறார்கள்.

முன்பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டெமோ வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. காலி வண்டியில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். டீலரிடம் பேசி, நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடைக்குச் சமமாக மணல் மூட்டையோ உங்கள் சரக்கையோ ஏற்றுங்கள். வழக்கமாகப் போகும் பாதையிலேயே செங்குத்தான இடத்தில் வண்டியை முழுதாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, முதல் கியரில் எடுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு முறை அப்படி எடுத்தும் எஞ்சின் திணறாமல், கிளட்ச் கருகும் வாடை வராமல் கிளம்பினால் அந்த எஞ்சின் உங்களுக்குப் போதும். வாடை வந்தால், அந்த லோடுக்கு அடுத்த அளவு எஞ்சினைப் பாருங்கள்.